நீளமான புரதங்களை விட்டுவிடு

மல்சுன் சித்தியின் உடம்புக்குள் போகப்போகிற புரதத்தை உருவாக்கியது நான்தான். இயற்கையில் இல்லாத புரதம் அது. கணினியில் வரைந்தது.

புற்றுநோய்ச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் ஒரு சின்னப் புரதத் துண்டை நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது எழுத்து நீளம். அமினோ அமிலங்களை நாங்கள் எழுத்து என்றுதான் சொல்வோம். அந்த ஒன்பது எழுத்தை மட்டும் பிடிக்கும் புரதத்தைச் சித்தியின் ரத்த அணுக்களிலேயே கை மாதிரி பொருத்தி, திரும்ப உள்ளே விட வேண்டும். பிடித்த செல்லை அந்த அணுக்கள் கொன்றுவிடும். அவற்றை உள்ளே விட்ட பிறகு வெளியே எடுக்க வழி கிடையாது. அவை பெருகிக்கொண்டே போகும்.

கொரியாவில், தேஜோன் நகரத்தில், எங்கள் ஆய்வகத்துக்கு எதிரேதான் சித்தியின் எலும்பு சூப் கடை. சொந்தம் இல்லை, ஆய்வகமே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடும். ஆறு வருடமாக எனக்கு அங்கேதான் மதியச் சாப்பாடு. "ஏன்டி சோவன், கம்ப்யூட்டரையா திங்கிற, இப்படி ஒட்டிப் போயிருக்க?" என்று திட்டிக்கொண்டே இன்னொரு கிண்ணம் சோறு வைப்பாள். அவளுக்குப் புற்றுநோய், எல்லா மருந்தும் கைவிட்டாயிற்று என்று தெரிந்ததும் எங்கள் பேராசிரியர் மெங் தானே மருத்துவமனையில் பேசி, முதல் நோயாளியாகச் சேர்த்துவிட்டார். அன்று ஆய்வகமே அவள் கடையில் குடித்துக் கும்மாளம் போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊசி என்று அட்டவணை. ஒன்பது மணிக்கு நான் அடுத்த வேலைக்காக என் பழைய கணினி நிரலைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி: ஐயாயிரம் எழுத்துக்கு மேல் நீளமான புரதங்களை விட்டுவிடு.

நான் எழுதிய வரிதான். நம் புரதம் தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது; அதனால் மனித உடம்பின் எல்லாப் புரதங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ரொம்ப நீளமானவை வந்தால் கணினி நின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கருத்தரங்குக்கு அவசரமாக முடிவுகளின் வரைபடம் வேண்டும் என்று, இரண்டு நாளைக்கு மட்டும் அந்த வரியைப் போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த எல்லாரும் அந்த நிரலைத்தான் நகல் எடுத்தார்கள். சீனியர் எழுதியதில் யார் கை வைப்பார்கள்?

உடம்பிலேயே நீளமான புரதம் இதயத் தசையில் இருக்கிறது. டைட்டின் என்று பெயர். வரியை எடுத்துவிட்டு அதை மட்டும் ஓட்டினேன். காபி ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. டைட்டினுக்குள் ஓரிடத்தில் ஒன்பது எழுத்து; அதில் ஏழு அந்தப் புற்றுநோய்த் துண்டின் அதே எழுத்துகள். என் புரதம் புற்றுநோயைப் பிடிப்பதைவிட அதை இறுக்கமாகப் பிடித்தது. எலிக்கு அந்த இடத்தில் வேறு எழுத்துகள், அதனால் எலிகள் பிழைத்தன. தட்டில் வளர்த்த இதயச் செல்கள் துடிக்காதவை. அவற்றில் டைட்டின் குறைவு. சோதனை எல்லாவற்றிலும் நாங்கள் தேறியிருந்தோம். சித்தியின் இதயம் துடிக்கிற இதயம்.

ஒன்பது பத்துக்கு பேராசிரியர் அறை வாசலில் நின்றேன். செயலாளர் பியோ அம்மா குறுக்கே கை நீட்டினாள்.

"உள்ள அமைச்சகத்து ஆளுங்க. இப்பப் போனா உன் தலையும் உருளும், என் தலையும் உருளும்."

"அவசரம்மா."

"இங்க யாருக்குத்தான் அவசரம் இல்ல? அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், உக்காரு."

பதினொன்றுக்குத்தானே ஊசி என்று உட்கார்ந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் போன் இருந்தது, அதில் சித்தியின் எண்ணும் இருந்தது. பேராசிரியருக்குத் தெரியாமல் நோயாளியிடம் பேசுவதா, அவர் முகத்தில் கரி பூசுவதா என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். இன்றைக்கு அதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. விருந்தினர்களுக்கு மூன்று முறை குனிந்து வணங்கி வழியனுப்பிவிட்டு அவர் திரும்பினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"ஒன்பது பத்துலேர்ந்து சார்."

"கதவை உடைச்சிட்டு வந்திருக்கலாமே!" என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "நான் டாக்டரைப் பிடிக்கிறேன். நீ அவங்களைக் கூப்பிடு."

முதல் மணியிலேயே சித்தி எடுத்தாள்.

"சோவனா? சாப்பிட்டியாடி?"

"சித்தி, ஊசி வேணாம். யார் வந்தாலும் கையைக் குடுக்காதீங்க."

"அது அப்பவே போட்டாச்சே. பதினொண்ணுன்னுதான் சொன்னாங்க. எல்லாம் தயாரா இருக்கு, எதுக்குக் காத்துக்கிட்டுன்னு முன்னாடியே ஏத்திட்டாங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல." பிறகு அவள் குரல் தணிந்தது. "டாக்டர் யார்கூடவோ போன்ல பேசிட்டு என்னையே பாக்குறாரு. மூஞ்சி சரியில்ல. என்னடி ஆச்சு?"

"நான் தப்புப் பண்ணிட்டேன் சித்தி. அது உங்க இதயத்தையும் பிடிக்கும். பெருக நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள அடக்குறதுக்கு மருந்து குடுப்பாங்க, கேக்குமான்னு..." அழுகைதான் வந்தது.

சித்தி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஒன்பது பத்துக்கு."

அந்தப் பக்கம் யாரோ கட்டிலை அவசரமாக உருட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஏத்தினது ஒன்பதே முக்காலுக்குடி" என்றாள் சித்தி.