ஏழாவது அடி

காலை பத்து பதினேழுக்கு அவள் ஏழாவது அடியில் நின்றுவிட்டாள். இது மூன்றாவது முறை.

திரையில் மாற்றாந்தாய் நிற்கவில்லை. குழந்தையைக் காட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கால்களுக்கு இவள் கால்கள்தான் சத்தம் தர வேண்டும். படத்தைப் பார்த்தபடி, தட்டில் பரப்பிய காய்ந்த சருகுமேல் நடக்கிற வேலை. இருபத்தைந்து வருஷப் பிழைப்பு.

"அக்கா, கால் சுளுக்கா, மனசு சுளுக்கா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான் ஒலிப்பதிவாளன். ஸ்டுடியோவில் அவனுக்குக் 'காது' என்று பெயர்.

"வாயை மூடிட்டு மறுபடி ஓட்டுடா."

கதவைத் தள்ளிக்கொண்டு படத்தின் கதாசிரியை வந்தாள். இவளுக்கு அண்ணன் மகள். எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். பெற்றவள் இவள். ஒன்றுமில்லாமல் போன ஒரு வருஷத்தில், மூன்று வயதுப் பிள்ளையை அண்ணன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்தாள். அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் வாங்கிக்கொண்டாள். அத்தையாக வரலாம், போகலாம். வாயைத் திறந்தால் அன்றோடு சரி. இருபத்தாறு வருஷமாகத் திறக்கவில்லை.

"என்ன அத்தை தகராறு?"

"இவ எப்படி நிக்காம போறான்னு என் காலுக்குப் புரியலம்மா."

"உங்க கால் ரொம்பப் படிச்சிருக்கு." சிரித்தாள். "இந்தப் படத்துக்கு மூலமான பழைய கதையைத் தேடிப் பார்த்தேன் அத்தை. அதுல மாத்தாந்தாயே கிடையாது. பெத்த அம்மாதான். பஞ்சம், வீட்டுல சாப்பிட ஒண்ணுமில்ல. அப்புறம் புத்தகம் போட்டவங்க பயந்துட்டாங்க. பெத்தவ விடுவாளான்னு மாத்திட்டாங்க. தயாரிப்பாளரும் அதேதான். அம்மான்னா டிக்கெட் விக்காதாம்."

"நீ ஒத்துக்கிட்டியா?"

"எனக்கும் அதுதான் வசதி. பெத்தவளை எப்படி அத்தை வெறுக்கிறது?"

அவள் சருகைக் காலால் ஒதுக்கினாள்.

"அக்கா, இதைக் கேளுங்க." காதின் குரலில் கிண்டல் இல்லை.

ஒலிபெருக்கியில் ஆறு அடி கேட்டது. ஏழாவது நின்றது. அமைதி. பிறகு சருகின்மேல் பொடி நடை. ஓடி வந்து, மிக அருகில் நின்றது.

"குழந்தை நடை எப்ப எடுத்தோம்?"

"இன்னும் எடுக்கலடா."

குழந்தை நடைக்குச் சின்ன ஷூவைக் கைகளில் மாட்டிக்கொண்டு சருகில் தட்டுவாள். எந்தப் படமானாலும் ஒரே ஜோடிதான். வேறெதுவும் அவளுக்குக் குழந்தையாக ஒலிக்கவில்லை. அன்று வாசலில், பின்னால் ஓடி வரக் கூடாதென்று பிள்ளையின் காலிலிருந்து கழற்றிக்கொண்டது அது. மகள் வருகிற நாட்களில் பையின் அடியில் போட்டு மூடிவிடுவாள். இன்று நின்று நின்று நடந்ததில் மறந்துபோனாள்.

ஷூ மேஜைமேல் இருந்தது. அடிப்பாகத்தில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

மகள் போய் ஒன்றை எடுத்தாள். சருகை உரித்துப் போட்டாள். வார் அறுந்த இடத்தில் நீலப் பொத்தான் ஒன்று தைத்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். திரையில் அந்தப் பெண் இன்னும் போய்க்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஆல்பத்துல என் கால்ல இருக்கிற ஷூ இது. தொலைஞ்சு போச்சுன்னு அம்மா சொன்னாங்க. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"