முப்பத்தாறு இலக்கங்கள்

அந்தச் சுவரின் நீளம் பதினோரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். முதன்முதலாக ஒரு முழுச் சுவரை அத்தான் என் பொறுப்பில் விட்டிருந்தார்.

ஒட்டுத்தாளில் எழுத்து வெட்டிச் சுவரில் ஒட்டும் கடை அவருடையது. நான்கு வருடமாக நான் பின்னறையில் வெட்டும் இயந்திரத்தோடு இருந்தேன். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும். அதுவும் தேவையில்லாமல் சத்தம் போடாது. அத்தான் எங்கள் பங்கையும் சேர்த்துப் பேசுவார். எனக்குப் ‘பேச்சாளர்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

புதிய அறிவியல் கூடத்தில் எடைகளுக்கென்று ஒரு அறை. மறுநாள் காலை பத்து மணிக்குத் திறப்பு. எங்கள் சுவரில் வரவேண்டியது, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியின் எடை. நிரம்பினால் பத்து லட்சம் டன். கிராமில் சொன்னால் லட்சம் கோடி. அதற்கு ஒரு டெராகிராம் என்று பெயர். அணுவையும் துகளையும் எடைபோடுகிறவர்களுக்கு வேறு ஒரு குட்டி அலகு உண்டு, அணு நிறை அலகு. ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு அலகு. அப்படியானால் ஏரி முழுவதும் எத்தனை அலகு? கூடத்துக்கான கணக்குகளைப் போட்ட பேராசிரியர் தந்த தாளில் 602214 என்று தொடங்கி, அதன் பின்னால் முப்பத்து மூன்று பூஜ்யங்கள் இருந்தன. மொத்தம் முப்பத்தொன்பது இலக்கம். இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் நெருக்கினால்தான் சுவருக்குள் அடங்கும்.

பென்சிலால் குறித்து முடித்து, முதல் இலக்கத்தின் பின்தாளை உரிக்கப் போனேன். அந்தச் சுவரில் ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். பிடுங்கினால் வர்ணமும் கூடவே வரும். விரல் ஏனோ நின்றுவிட்டது.

பக்கத்தில் போன வாரம் நான் ஒட்டிய சின்னப் பலகை இருந்தது. ஒரு கிராமில் எத்தனை அலகு என்பது அதில். அதே 602214, பின்னால் பதினெட்டு பூஜ்யம். இருபத்து நான்கு இலக்கம். எனக்கு இயற்பியல் தெரியாது, ஆனால் வெட்டிய எண்ணிக்கை மறக்காது. லட்சம் கோடிக்குப் பன்னிரண்டு பூஜ்யம். இருபத்து நான்கும் பன்னிரண்டும் முப்பத்தாறு.

மறுபடியும் கூட்டினேன். முப்பத்தாறுதான். ஏணியிலிருந்து இறங்கினேன்.

“என்ன இறங்கிட்ட? டீ வந்துடுச்சா?” என்றார் அத்தான்.

“மூணு ஜீரோ அதிகம்.”

“எதுல?”

“சுவர்ல.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேச்சாளரே, அது பேராசிரியர் போட்ட கணக்கு. அவர் முட்டை போடச் சொன்னா நாம போடணும். குஞ்சு பொரிக்குமான்னு ஆராயக் கூடாது.”

“நான் ஒட்டமாட்டேன்.”

அத்தான் குரல் இறங்கியது. “நாளைக்குக் காலையில திறப்பு. இன்னைக்கு வேலைய நிறுத்தி, அது தப்பாவும் போச்சுன்னா, உனக்குப் பின்னறைதான். அப்புறம் உன்னச் சுவர் பக்கமே அனுப்ப முடியாது. உன் அக்கா வந்து சொன்னாலும் முடியாது.”

பின்னறையை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த அறைதான். ஆனால் அங்கே திரும்பிப் போக இப்போது மனம் வரவில்லை.

“கூப்பிடுங்க அவர” என்றேன்.

பேராசிரியர் கைபேசியைக் காதில் வைத்தபடியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். “கம்ப்யூட்டர்ல போட்டதும்மா. நீங்க தைரியமா ஒட்டுங்க.”

எனக்கு வாதாட வராது. சின்னப் பலகையைக் காட்டினேன். “இது சரியா சார்?”

“சரி. அதுல சந்தேகமே வேண்டாம்.”

வெட்டி வைத்திருந்த இலக்கங்களைப் பின்தாளோடு தரையில் அடுக்கத் தொடங்கினேன். 602214. பதினெட்டு பூஜ்யம். “ஒரு கிராம்” என்றேன். பிறகு ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி, இன்னும் பன்னிரண்டு வைத்தேன். “லட்சம் கோடி கிராம். டெராகிராம்.”

என் கையில் மூன்று பூஜ்யம் மீதி இருந்தது.

பேராசிரியரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கைபேசியில் யாரோ “ஹலோ, ஹலோ” என்றார்கள். அவர் அதை அணைத்துவிட்டு, நல்ல கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு முதலிலிருந்து எண்ணினார்.

“கிலோ” என்றார் கடைசியில். “நான் கிலோகிராம்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ளயே ஒரு ஆயிரம் ஒளிஞ்சிருக்கு. அத மறந்துட்டு, கிராமுக்குப் போட வேண்டிய பன்னிரண்டையும் மேல போட்டுட்டேன். ஐயோ, ஒரு ஏரிய ஆயிரம் ஏரி ஆக்கிட்டேனே!”

“விட்டிருந்தா தண்ணிப் பஞ்சமே தீர்ந்திருக்கும் சார்” என்றார் அத்தான். யார் பக்கம் நிற்பது என்று அதற்குள் முடிவு செய்திருந்தார்.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, தாளை என்னிடம் நீட்டினார். “நீங்களே திருத்துங்க. என் மாணவர்கள் நாலு பேர் பார்த்த தாள் இது. ஒருத்தரும் தரையில வச்சு எண்ணல.”

முப்பத்து மூன்றை அடித்து, முப்பது என்று எழுதினேன்.

பழைய குறிகளை அழித்தேன். முப்பத்தாறு இலக்கம், முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று. பத்து மீட்டர் எண்பது. இரண்டு பக்கமும் இருபது இருபது சென்டிமீட்டர் ஓரம். இந்த எண்ணுக்கென்றே அளந்து கட்டிய சுவர்போல அமைந்தது. எண்கள் மூச்சுவிட்டு நின்றன. நான்கு மணிக்கெல்லாம் கடைசிப் பூஜ்யத்தைத் தேய்த்து ஒட்டிவிட்டு, எதிர்ச்சுவர் வரை பின்னால் நடந்துபோய்ப் பார்த்தேன். ஒரு ஏரி முழுவதும், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், என் முன்னால் நின்றது. சத்தம் போட்டுச் சிரித்தேன். காலி அறையில் அது எனக்கே புதிதாகக் கேட்டது.

பேராசிரியர் பின்னால் திறக்கப்போகும் மற்ற அறைகளின் தாள்களையும் கொண்டுவந்தார். பதினொன்று. அத்தானிடம் கொடுக்காமல் நேராக என்னிடம் கொடுத்தார். “ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை எண்ணிடுங்கம்மா.”

அத்தான் ஏணியைத் தோளில் தூக்கினார்.

“எந்தச் சுவரு?” என்றார்.

பக்கத்து அறையின் பெரிய சுவரைக் காட்டினேன்.