ரெண்டே ஸ்பூன்

சூப் நீர்த்துப்போனதற்குக் காரணம் சமையல் மாஸ்டரின் வாய்தான். காய்கறி சூப்பைக் கொதிக்கவிட்டு, தன் முதல் வேலை போன கதையைப் பாத்திரம் கழுவுகிறவளிடம் நடித்துக் காட்டிக்கொண்டே ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு குடமாக ஊற்றிவிட்டார். கம்பெனி கேன்டீன், மணி பன்னிரண்டரை, வெளியே தட்டோடு வரிசை நின்றுவிட்டது. முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே மேல்தட்டுக்குப் போனது. வறுத்த நிலக்கடலைப் பொடி, ரெண்டு ஸ்பூன். கிண்டினார், கெட்டிப்பட்டது. அவர் அகராதியில் இதற்குப் பெயர் ‘கடலை போடுவது’ இல்லை. கிழிந்த சட்டைக்கு உள்பக்கமாக ஒரு தையல் போடுவது போல, வெறும் ரிப்பேர்.

அதனால்தான், ஸ்டோர் செக்‌ஷன் தங்கச்சி வந்து தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டபோது அவருக்கு நாக்கு குழறவில்லை.

“அண்ணே, இதுல கடலை இல்லதானே?”

“நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து கடலைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லம்மா.”

அவள் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள். அவளுக்குக் கடலை ஆகாது. ஆகாது என்றால் ஏப்பம், வயிற்று உப்புசம் என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். ஐந்தாவது வாய்க்குள் அவள் உதடு வீங்கி, தொண்டையில் மூச்சு விசிலடித்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பதறவில்லை. தங்கச்சியின் பையில் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, பேனா போன்ற அலர்ஜி ஊசியை எடுத்து அவள் தொடையில் வைத்து அழுத்தினாள். போன மாதம் இதே மேஜையில் ஒரு காலிப் பேனாவை வைத்துத் தங்கச்சி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்றைக்கு மாஸ்டர், அது எதற்கென்று காதில் வாங்காமலே, “மை இருக்காம்மா? என் உயிலை எழுதிக்கிறேன்” என்று கேட்டு மொத்த மேஜையையும் சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் திரும்ப வந்தது.

ஆம்புலன்ஸ்காரரிடம், “கடலைப் பொடி, ரெண்டு ஸ்பூன், நான்தான்!” என்று கத்திவிட்டுப் பின்னாலேயே ஆட்டோவில் போனார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முறைத்த பிறகுதான் கையில் கரண்டி இருப்பது தெரிந்தது.

“உயிருக்கு ஆபத்தில்ல” என்று டாக்டர் சொன்னதும் மாஸ்டர் கரண்டியோடு கை கூப்பினார். ஆனால், “என்னாலதானே டாக்டர்?” என்றதற்கு, “பல காரணம் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். மேனேஜர், “விசாரணை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க” என்றார். தங்கச்சியின் புருஷன் வந்து தோளைத் தட்டி, “நேரம் சரியில்லண்ணே, விடுங்க” என்றான். ஆளுக்கு ஆள் களிம்பு தடவினார்கள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். ஒரு வருஷமாக அவள் நேராகக் கேட்டதற்கு, தான் ஒரு நாளாவது நேராகப் பதில் சொல்லியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். எல்லாமே ஜோக்குகளாகவே இருந்தன.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். கரண்டியைக் காவலாளியிடம் கொடுத்து, “இதுல கடலை ஒட்டியிருக்கு, உள்ள விட்டுடாதீங்க” என்றார். ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிப் போட்டார். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

அவள் முகம் இன்னும் வடியவில்லை. கண்கள் கோடாக இருந்தன. மாஸ்டருக்கு எந்த ஜோக்கும் நாக்கில் வரவில்லை.

“என்னாலதானே தங்கச்சி?”

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே...” என்று புருஷன் ஆரம்பித்தான். அவள் டிரிப் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள்.

“ஆமாண்ணே. உங்களாலதான்.”

மதியத்திலிருந்து தேடிய நேரான பதில் அவருக்கு இப்போதுதான் கிடைத்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே காவலாளி, போகிற வருகிற எல்லாரையும் விலகச் சொல்லிக்கொண்டு, அந்தக் கரண்டியைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார்.