ஈரல் தின்னாதவன்

மாஸியின் அண்ணன் ரெமானிரி செத்து ஒரு வாரமாகியும் குடிசைக்குள்ளேயே கிடந்தார். முன்னோர் கல்லறை குன்றின் மேல் இருக்கிறது. குன்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுக் கம்பெனிக்காரர்கள் பூட்டியிருந்தார்கள். மடகாஸ்கரின் இந்தத் தெற்குக் கோடியில் ஒருவன் உயிரோடு எப்படிக் கிடந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். செத்தபின் அப்பன் பக்கத்தில் படுக்காவிட்டால் அவன் அநாதை. என் அண்ணனை அநாதையாக விடமாட்டேன் என்று மாஸி வேலியை நோக்கிக் கிளம்பினாள். ஊர்ப் பெண்கள் சிலர் கூடவே வந்தார்கள்.

குன்றைக் கொடுத்ததே அண்ணன்தான், அதுதான் கொடுமை. உள்ளே கிராஃபைட் புதைந்து கிடக்கிறது, உலகத்துப் பேட்டரிகளெல்லாம் இதற்குத்தான் காத்திருக்கின்றன என்று லாலாய்னா என்ற கம்பெனி ஆள் தலைநகரிலிருந்து வந்தபோது, அண்ணன் கையெழுத்துக் கேட்கவில்லை. மாடு கேட்டார். அறுத்தார், முன்னோரைக் கூப்பிட்டுச் சொன்னார், ஈரலைச் சுட்டு அந்த ஆளோடு பங்கிட்டுத் தின்றார். கல்லறைக்குப் போகும் பாதையை அடைப்பதில்லை, பிள்ளைகளுக்கு வேலை தருவது என்று பேச்சு. ஒரே ஈரலைத் தின்றவன் வாக்குத் தவறினால் வயிறு வெடித்துச் சாவான். இதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும்?

லாலாய்னாவுக்கு வயிறு வெடிக்கவில்லை. அங்கங்கே துளை போட்டுப் பார்த்துவிட்டு, குன்றை அப்படியே வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுத் தலைநகருக்கே திரும்பிப் போனார். நல்ல செரிமானம்.

இப்போது வேலி வாசலில் நின்றவன் புதுக் கம்பெனியின் ஹெரி. மரியாதை தெரிந்த பையன்.

“தம்பி, பூட்டைத் தொற. பொணத்த வச்சிட்டுப் போயிடறோம்.”

“முடியாதும்மா. பணம் போடறவங்க குன்றைப் பாக்க வர்றாங்க. யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு.”

“எங்கண்ணன் ஈரல் தின்னு வாக்கு வாங்கியிருக்காரு.”

“யாரோட தின்னாரோ அவரப் போய்க் கேளுங்கம்மா. நான் தின்னலயே.”

அவன் கிண்டல் பண்ணவில்லை. நியாயம் பேசுவதாகவே நினைத்தான். மாஸிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“வேலி போட்டதோட சரி, ஒரு மண்வெட்டி விழல. எப்பத்தான்டா தோண்டப்போறீங்க?”

“தோண்டறது எங்க தொழிலே இல்லம்மா. வெல ஏறினதும் வேற யாருக்காவது வித்துடுவோம்.”

“வைக்கப்போர் நாயி!” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. “தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது.”

ஹெரி குரலைத் தாழ்த்தினான். “வேலிக்கு வெளிய எங்க வேணும்னாலும் பொதச்சுக்குங்க. சாவுச் சாப்பாட்டுக்கு அரிசி நான் தர்றேன். மூட்டையாவே தர்றேன். எண்ணெயும் தர்றேன்.”

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். புளியில் சாம்பலைப் பிசைந்து தின்று வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்த ஊர். சாவு வீட்டில் அறுக்க ஒரு மாடுகூட மிச்சமில்லை.

“ஒன் அரிசிக்காக எங்கண்ணன் தெருநாயாட்டம் வேலியோரம் படுக்கணுமா? நீ வெளங்குவியாடா?” மாஸி மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். நாலு பேர் சேர்ந்து சபித்தால் பலிக்கும் என்று பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உப்பும் குடுப்பீங்களா தம்பி?” என்று கேட்டாள், நாய் என்று வைதவள்.

அவளை ஏச வாயைத் திறந்தாள் மாஸி. ஏச முடியவில்லை. வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது.