உப்புக் குறைத்த சமையல்

நவநீத்தின் கையிலிருந்த கரண்டி தட்டில் டக்டக்கென்று அடித்தது. ரசம் சட்டையில் சிந்தியது. எதிரே உட்கார்ந்திருந்த அவன் அம்மா கலாவதி, "ஏசியைக் கொறைடா, நடுங்குற பாரு" என்றார். வெளியே அமெரிக்க ஊரான கேட்டியின் ஆகஸ்ட் வெயில் சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.

அது குளிர் இல்லை என்று மானஸாவுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் கணவன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். இப்போது பேச்சும் குழறியது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தாள். நர்ஸ் கேட்ட கேள்விகளில் ஒன்று அவளை அப்படியே நிறுத்தியது: சமீபத்தில் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா? உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னாள் நர்ஸ்.

குறைத்தவர் கலாவதி. ஊரிலிருந்து வந்த மறுநாளே சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரஷருக்குக் கணவனைப் பறிகொடுத்தவர். ஊறுகாயும் அப்பளமும் குப்பைக்குப் போயின. "நாக்கு பழகிடும்மா. உங்க மாமனார் பழகிக்கலை, போய்ச் சேர்ந்தார்" என்று சிரித்தார். உப்பு குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி விஷமாகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மகன் மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுவதே தெரியாதே. தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த லித்தியம்தான் இத்தனை வருடமாக அவனை வேலைக்கும் மானஸாவிடமும் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. "அம்மாவுக்கு மட்டும் வேண்டாம் மானஸா" என்பான். "அவங்க அண்ணன் வாஞ்சி மாமாவை ரூம்ல வச்சுப் பூட்டினவங்க. அப்புறம் என்னையும் அந்தக் கண்ணாலதான் பார்ப்பாங்க."

மருத்துவமனையில் அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கலாவதி மகனின் தோளைப் பிடித்தபடி நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டாள். மானஸா குனிந்து மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டி, இன்னொரு முறை என்றாள்.

"லித்தியம்" என்றாள் மானஸா, சத்தமாக.

அதுவரை பேசிய ஆங்கிலம் முழுவதும் கலாவதியைக் கடந்து போயிருந்தது. இந்த ஒரு சொல் போகவில்லை. மகனின் தோளிலிருந்து அவர் கை விலகியது.

"வாஞ்சி அண்ணனுக்குக் குடுத்ததுதானே?"

"அத்தை..."

"எனக்குத் தெரியும்டி அந்தப் பேரு."

நாற்காலியை உள்ளே தள்ளிப் போனார்கள். நவநீத் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். கலாவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தான். மாத்திரையும் விடாம சாப்பிட்டான். ஏன் திடீர்னு இப்படி?"

மானஸாவின் வாயில் பதில் இருந்தது. அவள் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. வாசலில் அவசரமாக நிறுத்திய கார் ஒரு கதவு திறந்தபடியே நின்றது. அதன் மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. அந்த வெயிலில் கலாவதி கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சாத்திவிட்டு மகனிடம் திரும்பவும் இல்லாமல் உள்ளே உட்காரவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.