இரவல் சங்கிலி

“நாளைக்கு எல்லாரும் நல்லா வாங்க” என்று எப்சிபா டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு பெண்ணிடம் நல்லா வா என்றால் அவள் என்ன செய்வாள் என்பதைத்தான் அந்தப் பிள்ளை யோசிக்காமல் விட்டுவிட்டது.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியில் எப்சிபா தையல் பயிற்சி நடத்திவந்தாள். அந்தியோதயா ரேஷன் கார்டு வைத்திருக்கிற, பரம ஏழை வீட்டுப் பெண்களுக்கு மட்டும். மதுரையிலுள்ள ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்தது. பாதி முன்னால், மீதி, நேரில் வந்து பார்த்த பிறகு. மீதி வந்தால்தான் மிஷின் வாடகை கட்டிப் பயிற்சியை முடிக்கலாம். முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களை வேலைக்கு எடுப்பதாகப் புளியங்குடிப் பக்கம் ஒரு துணி கம்பெனி சொல்லியிருந்தது.

அங்கே தையல் படித்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை. புருஷன் சண்முகையா விசைத்தறிப் பஞ்சைத் தின்று தின்று மூச்சு வாங்கிப் படுத்துவிட்டான். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், மருந்து வாங்கித் தருமா? விற்க முடிந்ததெல்லாம் விற்றாயிற்று. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது. அந்தக் கயிறோடு வெளியூர் அதிகாரி முன்னால் போய் நிற்பதா? பக்கத்து வீட்டு ஞானபூரணத்திடம் போனாள்.

“யக்கா, நாளைக்கு ஒருநா மட்டும் சங்கிலியத் தாங்க. பெரிய ஆளு வாராரு. போட்டா எல்லாம் எடுப்பாங்களாம்.”

“தாரேன்ட்டி. பத்திரமா கொண்டாந்துரு.”

இங்கே கல்யாணத்துக்கும் சடங்குக்கும் சங்கிலி வீடு மாறும். வாங்கினவள் சொல்லமாட்டாள், கொடுத்தவள் காட்டிக்கொள்ளமாட்டாள். ரொம்பக் கௌரவமான ஜனங்கள்!

மறுநாள் காலை அறக்கட்டளை அதிகாரி செல்வக்குமார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாரையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். முப்பிடாதி தைத்த காலரைத் திருப்பிப் பார்த்து, “கம்பெனித் தையல் மாதிரி இருக்கே” என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்புறம்தான் அவர் ஆட்களைச் சரியாகப் பார்த்தார். கல்யாண வீடு மாதிரி பட்டும் சங்கிலியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்தச் சங்கிலி உங்களோடதாம்மா?”

இரவல் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அத்தனை பெண்களும் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா போட்டது சார்.”

அடிப்பாவி!

அடுத்த மிஷினில் பனவடலிசத்திரத்து அனு. அவளும், “என்னோடதுதான் சார்” என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. எப்சிபாவுக்குப் பதறியது. “சார், இவங்க வீட்டுக்கெல்லாம் நானே போய்ப் பாத்திருக்கேன். நெசமாவே கஷ்டப்படுதவங்க சார்.”

“சாப்பாட்டுக்கே இல்லாதவங்களுக்குன்னு ஒதுக்கின நிதிம்மா. அவங்களே நகை எங்களுதுங்கறாங்க. நான் என்னன்னு எழுதுறது? மீதி வராதும்மா.”

அவர் இறங்கிப் போய்விட்டார். முப்பிடாதிக்குப் புருஷன் மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் காதிலேயே கேட்டது. தடதடவென்று படியிறங்கினாள். கார் கிளம்பிவிட்டது. நடுரோட்டில் அதன் பின்னால் ஓடினாள்.

“சார்! இரவல் சார்! என்னுது இல்ல சார்! பக்கத்து வீட்டுல வாங்குனது சார்!”

மாடியில் சொல்ல வெட்கப்பட்டதை ரோடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். டீக்கடையில் நின்றவர்கள் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்டார்கள். காரில் கண்ணாடி ஏற்றியிருந்தது. அது நிற்காமல் போய்விட்டது.

அவள் மாடிக்குத் திரும்பியபோது அனு தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “இது எங்க நாத்தனாருது” என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். இன்னொருத்தி முதலாளி வீட்டில் கேட்டு வாங்கியிருந்தாள். ஒருத்தியுடையது வெறும் கவரிங். எப்சிபா உடனே அதிகாரிக்குப் போன் போட்டாள். “கேட்டப்போ சொல்லலையேம்மா. போட்டோவும் மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். இனி இரவல்னு சொன்னா யாரு நம்புவாங்க?” என்று வைத்துவிட்டார்.

“அவரு கேக்கும்போது ஒருத்தி, ஒரே ஒருத்தி சொல்லியிருக்கக் கூடாதா?” என்று எப்சிபா அழுதாள்.

முப்பிடாதி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டுந்தான் இல்லன்னு நெனச்சேன் டீச்சர்.”