வழுக்குகிற திருகு

"டேய், ஆஃப் பண்ணித் தொலைடா!" அக்கா கத்தினாள்.

தம்பியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின்மேல்தான் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை.

இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினின் மேசைப் பள்ளத்தில் விழுந்த போல்ட்டை எடுக்க அக்கா விரலை விட்டிருந்தாள். மோதிரம் சாய்ந்து பள்ளத்தின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், வெட்டுக்கத்தி. அதைப் பிடித்திருந்த இரும்புத் தலை, இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கிய கனம். கணினித் திரையோ உறைந்து கிடந்தது. மேலே ஏற்றச் சொன்னால் கேட்கவில்லை. அடுத்து என்ன செய்யும் என்றும் தெரியவில்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். கையால் சுற்றி ஓட்டும் சின்ன மில்லிங் மெஷினை, கணினி ஓட்டும் சிஎன்சியாக மாற்றுவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இடம் அக்கா வீட்டுக் கார் ஷெட். மேசையையும் தலையையும் நகர்த்தும் பழைய திருகுத்தண்டுகள் மூன்றும் கொஞ்சம் ஆடும், முனகும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும். மூன்றையும் கழற்றிவிட்டு பால் ஸ்குரூ போட்டான். நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் உருளும். ஆட்டமே இல்லை, விரலால் தட்டினாலே வழுக்கிக்கொண்டு சுற்றும். விற்றவர் போனில் கேட்டிருந்தார்: "மேல கீழ போறதுக்குமா சார்? பிரேக் வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றிருந்தான்.

அந்தக் கேள்வி இப்போதுதான் புரிந்தது. தலையைத் தூக்கி நிறுத்தியிருப்பது மோட்டாரில் ஓடும் மின்சாரம் மட்டும்தான். அது நின்றால், தலையின் கனமே திருகைச் சுற்றிவிட்டுக் கீழே வரும். ஆபத்துக்கென்று அவனே பொருத்திய பொத்தான்தான் கத்தியை இறக்கப்போகிறது.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற?"

"ஆஃப் பண்ணா தலை விழுந்துரும்க்கா."

"யார் தலை?"

"மெஷின் தலை."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். அவள் தையல்காரி, அந்தக் கைதான் அவள் பிழைப்பு. முகம் வெளுத்தது. அதே நேரம் ஷெட் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. காலையிலிருந்தே கரண்ட் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது.

"கதவுக்குப் பின்னாடி, என் தையல் மெஷினுக்கு முட்டுக் குடுத்த கட்டை இருக்கு. ஓடு."

ஓடினான். கட்டையை நிமிர்த்தி, கத்திக்குப் பக்கத்தில் தலைக்கு அடியில் நிறுத்தினான். அவசரத்தில் ஒருமுறை சாய்ந்தது. திரும்ப நிறுத்திக் கையை எடுத்தான்.

விளக்கு அணைந்தது.

'சர்ர்' என்று எண்ணெய் வழுக்குவதுபோல் ஓர் ஓசை, அப்புறம் 'டக்'. கட்டை கிறீச்சிட்டது. வாசல் வெளிச்சத்தில் அவன் குனிந்து பார்த்தான். கத்தி முனைக்கும் அக்காவின் விரல் முட்டிக்கும் இடையே ஒரு சட்டைப் பொத்தான் நுழையும் இடைவெளி.

இருவரும் மூச்சு விடுவதற்கே பயந்தார்கள். பிறகு அக்காதான், "எண்ணெய்" என்றாள். சொட்டுச் சொட்டாக விட்டான். விரல் வழுக்கி வெளியே வந்தது. மோதிரம் உள்ளேயே தங்கியது.

சாயங்காலத்துக்குள் பழைய திருகு ஒன்று, மேலும் கீழும் போகும் அச்சுக்குத் திரும்பி வந்தது.

"ஆடுமேடா?"

"ஆடட்டும்க்கா."

கரண்ட் வந்திருந்தது. அக்கா சிவப்புப் பொத்தானருகே போய் நின்றாள். "எங்க, இப்ப கத்திக்கு அடியில உன் கையை வை."

"கட்டை மட்டும் இருக்கட்டும்க்கா."

"இருக்கட்டும், வை."

வைத்தான். அவள் அழுத்தினாள். தலை இம்மியும் அசையவில்லை. அவன் கைதான் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.